தீபாவளி நாளையும் விடுப்பில் கழிப்பார்களாம்!

கடைசல்காரன்:
விடுப்பு நாட்களுக்கு நடுவில் விழும் பண்டிகை நாளையும் விடுப்பாகவே கணக்கிடும் 'சாண்ட்விச் விதி' முற்றிலும் நியாயமானது என்று நிர்வாகி அவர்கள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2024ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஊருக்குச் செல்வதற்காகப் புதனும் வெள்ளியும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன என் கணக்கில் மூன்று நாட்களைக் கழித்திருக்கிறார்கள். ஆலையே பூட்டிக் கிடந்த நாளில் நான் எந்த வேலையிலிருந்து விடுப்பு எடுத்தேன் என்பதை அவர் விளக்கட்டும்.

நிர்வாகி:
உங்கள் மனம் ஆறாததற்கு நான் பொறுப்பல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பண்டிகைக்கு முன்னும் பின்னும் விடுப்புப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போகிறவர்களால்தான் இந்த விதியே வந்தது. பணியில் சேரும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இதுவும் இருந்திருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டது யார் குற்றம்?

கடைசல்காரன்:
கையெழுத்தைக் காட்டிச் சட்டத்தை மறைக்க முடியாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவருக்கு 20 நாட்களுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்று கூறுவதோடு நில்லாமல், அந்த விடுப்பின் நடுவிலோ இரு முனைகளிலோ வரும் விடுமுறைகளை அதில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. என் வியாழக்கிழமை நடுவில்தான் வந்தது.

காவிரிக்கரை எழுத்தர்:
ஐயா, நீங்கள் எடுத்தது உழைத்த நாட்களுக்கு ஈடாகச் சேரும் ஈட்டிய விடுப்பா, திடீர்த் தேவைக்கு எடுக்கும் தற்செயல் விடுப்பா? 79ஆம் பிரிவு முன்னதைப் பற்றித்தான் பேசியது. எங்கள் அலுவலகத்தில் தற்செயல் விடுப்பின் இடையே வரும் ஞாயிறு கணக்கில் சேராது. ஈட்டிய விடுப்பின் இடையே வந்தால் சேரும்.

பட்டறை முதலாளி:
விடுப்பைப் பற்றிப் பாடம் நடத்த அரசு ஊழியரே வந்துவிட்டார்! எடுக்காத விடுப்பையும் சரண் செய்து காசாக்குகிறவர்களுக்கு, எட்டுப் பேரில் ஐந்து பேர் தீபாவளிக்குப் போய்த் திரும்பாத பட்டறையின் கஷ்டம் எப்படிப் புரியும்?

காவிரிக்கரை எழுத்தர்:
அந்தச் சரண் விடுப்பை 2020இல் நிறுத்திவிட்டு 2025 அக்டோபரில்தானே மீண்டும் கொடுத்தார்கள்! நாளிதழ் படிக்கும் வழக்கம் தங்களுக்கு இல்லையென்று தெரிகிறது. நான் கேட்டது விடுப்பின் வகையை.

பட்டறை முதலாளி:
நாளிதழ் படிக்க எனக்கு அலுவலக நேரத்தில் ஓய்வு கிடைப்பதில்லை.

கடைசல்காரன்:
உங்கள் இருவரின் வழக்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு போனஸ் பற்றிப் பேசியபோது, சட்டப்படி குறைந்தபட்சமான 8.33 விழுக்காடே அதிகம் என்று எழுதிய முதலாளியிடம் நான் நியாயம் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகி அவர்கள் வியாழக்கிழமைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் ஊதியத்துடன் விடுமுறை என்பது அதன் கணக்கு.

நிர்வாகி:
அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாட வராதீர்கள். அந்தச் சட்டம் நாள் குறித்துச் சொல்பவை நான்கே: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. எஞ்சிய ஐந்தும் பண்டிகை விடுமுறைகள் என்ற அளவில் நிற்கின்றன. தீபாவளி என்ற சொல்லை எனக்குக் காட்டுங்கள்.

கடைசல்காரன்:
தீபாவளி அந்த ஐந்தில் இல்லையென்றால் வியாழக்கிழமை ஆலையை ஏன் பூட்டினார்கள்? இருக்கிறதென்றால் என் கணக்கில் ஏன் கழித்தார்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பதிவேடு பார்த்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லையா?

நிர்வாகி:
கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். உங்களுக்கு அவ்வளவு உறுதி இருந்தால் தொழிற்சாலை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். இங்கே புலம்புவதால் ஒரு நாளும் திரும்பி வராது.

காவிரிக்கரை எழுத்தர்:
எழுதும்போது ஈட்டிய விடுப்பா, தற்செயல் விடுப்பா என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

கடைசல்காரன்:
ஆய்வாளரைப் பார்க்கப் போவதற்கும் விடுப்புத்தான் போட வேண்டும். சனியும் திங்களும் போட்டால் ஞாயிற்றுக்கிழமையையும் நிர்வாகி அவர்கள் எடுத்துக்கொள்வார். வியாழக்கிழமைக்கே இன்னும் பதில் வரவில்லை.