ஷேர்டு ரெப்போல ஃபோர்ஸ் புஷ்ஷ எப்படித் தடுக்குறது?

தூங்காத_கோடர்:
டீம்ல ஆறு பேரு, கிட் ரெப்போ (கோடும் அதோட மாற்ற வரலாறும் இருக்குற இடம்) எங்க சர்வர்லயே இருக்கு, எஸ்எஸ்எச் வழியா எல்லாரும் புஷ் பண்றோம். நேத்து எங்க சீனியர் ஒருத்தர் அவரோட கமிட்டெல்லாம் (சேமிச்ச மாற்றங்கள்) ரீபேஸ் பண்ணி, அதாவது வரலாற்றையே திருத்தி எழுதி, அழகா அடுக்கி மெயின்ல (எல்லாருக்கும் பொதுவான பிராஞ்ச்) ஃபோர்ஸ் புஷ் அடிச்சிட்டாரு, அதாவது சர்வர்ல இருந்தது மேலயே வலுக்கட்டாயமா எழுதிட்டாரு. காலைல ஃபெட்ச் பண்ணா மெயின் பக்கத்துல "ஃபோர்ஸ்டு அப்டேட்"னு நிக்குது, நான் ஏத்தி வச்ச மூணு கமிட்ட காணோம். சொன்னா தலையாட்டுறாங்க, அடுத்த வாரம் மறுபடி அதே கதை. எல்லார் மெஷின்லயும் ப்ரீ-புஷ் ஹூக் (புஷ்ஷுக்கு முன்னாடி தானா ஓடுற ஸ்க்ரிப்ட்) போட்டுட்டா நிக்குமா?

பழைய_டெர்மினல்:
நிக்காது ப்ரோ. ஹூக்கெல்லாம் க்ளோன் பண்ணா கூட வராது, அப்படியே கையால போட்டு விட்டாலும் --நோ-வெரிஃபைன்னு ஒண்ணு சேத்தா தாண்டிப் போயிடலாம். பூட்டு சர்வர் பக்கம்தான் இருக்கணும். அங்க ரெப்போ கான்ஃபிக்ல ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ் ட்ரூ, பழைய கமிட்டுக்கு மேல சேக்காம அத மாத்துற புஷ்ஷ சர்வர் ஏத்துக்காது. அதோட நிறுத்திடாதீங்க, டெலீட்ட தடுக்குற ரிசீவ்.டினைடெலீட்ஸும் ட்ரூ ஆக்குங்க, இல்லன்னா பிராஞ்ச டெலீட் பண்ணிட்டு அதே பேர்ல புதுசா புஷ் பண்ணிட்டுப் போயிடுவாங்க (நானே ஒரு காலத்துல பண்ணவன்தான்).

காணாமப் போன கமிட் எங்கயும் போகல. உங்க மெஷின்ல கிட் ரெஃப்லாக் (பிராஞ்ச் எங்கெங்க நகர்ந்துச்சுங்குற பதிவு) அடிச்சுப் பாருங்க, பழைய ஹேஷ் (கமிட்டோட அடையாள எண்) இருக்கும், அதுல ஒரு பிராஞ்ச் போட்டு எடுத்துக்கலாம். எந்த பிராஞ்சுலயும் சேராத கமிட்டோட ரெஃப்லாக் பதிவு டிஃபால்ட்டா 30 நாள் நிக்கும், தள்ளிப் போடாதீங்க.

தூங்காத_கோடர்:
மூணு கமிட்டும் கெடச்சிருச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா கான்ஃபிக் போட்டதுல புதுத் தலைவலி, இப்ப அவங்கவங்க சொந்த ஃபீச்சர் பிராஞ்சுலயும் ரீபேஸ் பண்ணி ஏத்த முடியல, எல்லாரும் என்னையத்தான் பிடிக்கிறாங்க.

ஹூக்_பைத்தியம்:
ஆமா அந்த செட்டிங் பிராஞ்ச் பாக்காது, எல்லாத்தையும் ஒண்ணா அடிக்கும். ரெண்டு கான்ஃபிக்கையும் எடுத்துட்டு சர்வர்ல ஹூக்ஸ் ஃபோல்டர்ல அப்டேட்னு ஒரு ஸ்க்ரிப்ட் வைங்க. அதுக்கு ரெஃப் பேரு (புஷ் ஆகுற பிராஞ்ச்), பழைய ஹேஷ், புது ஹேஷ்னு மூணு வரும். ரெஃப் மெயினா இருந்தா மட்டும் கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர் பழையது புதுசுன்னு கேளுங்க (பழைய கமிட் புதுசோட வரலாற்றுல இருக்கான்னு பாக்கும்), இல்லன்னு வந்தா எக்ஸிட் 1, அந்த புஷ் திரும்பிடும். புது ஹேஷ் முழுக்க பூஜ்யமா வந்தா டெலீட்னு அர்த்தம், அதையும் திருப்பி விடுங்க. எக்ஸிக்யூட் பர்மிஷன் கொடுக்க மறந்தா ஹூக் ஓடவே ஓடாது, அரை நாள் போயிடும்.

ஃபீச்சர் பிராஞ்சுலயும் வெறும் --ஃபோர்ஸ் வேணாம், --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடச் சொல்லுங்க, நடுவுல வேற யாராவது ஏத்தியிருந்தா நிறுத்திடும். எடிட்டர் பின்னாடி தானா ஃபெட்ச் பண்ணிட்டே இருந்தா மட்டும், மத்தவங்க ஏத்தினத நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சு அதுவும் ஏமாந்துடும்.

பழைய_டெர்மினல்:
அப்படியே சர்வர்ல கோர்.லாக்ஆல்ரெஃப்அப்டேட்ஸும் ட்ரூ ஆக்கிடுங்க, சர்வர் ரெப்போல ரெஃப்லாக் டிஃபால்ட்டா ஆஃப்.

தூங்காத_கோடர்:
ஹூக் போட்டாச்சு. சீனியர் இப்பதான் வந்து "சர்வர் ஏதும் மக்கர் பண்ணுதா"ன்னு கேட்டுட்டுப் போறாரு 😄