மதம் என்பதே ஆய்வாளர்கள் உண்டாக்கியது என்றால் மதவியல் துறை எதைப் படிக்கிறது?

எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன், ஒரு தாள் பின்நவீனத்துவம். பின்நவீனத்துவம் என்றால் பெருங்கதையாடல்களை, அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகளை, நம்பாமல் போவது என்று 1979-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் சொன்னதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் மத ஆய்வாளர் ஜோனதன் இசட். ஸ்மித் 1982-இல், மதம் என்பதே ஆய்வாளரின் படிப்பறையில் உண்டானது என்று எழுதியதைப் படித்ததிலிருந்து குழப்பம். கோடிக்கணக்கான பேர் நோன்பு இருக்கிறார்கள், தொழுகிறார்கள். அதெல்லாம் பேராசிரியர்களின் கற்பனையா?

புத்தகப்புழு:
நோன்பு கற்பனை என்று ஸ்மித் எங்குமே சொல்லவில்லை நண்பரே. நோன்பு, பலி, யாத்திரை, சாவுச் சடங்கு என்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு காரணத்துக்காக மக்கள் செய்கிறவற்றை எல்லாம் அள்ளி ஒரே கூடையில் போட்டது யார், எந்த அளவுகோலை வைத்துப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழை நாட்டுப் புனித நூல் வரிசையைப் பாருங்கள். 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகள், உபநிடதம், குர்ஆன், பார்சிகளின் அவெஸ்தா, கன்ஃபூசிய நூல்கள் எல்லாம் உண்டு, பைபிள் மட்டும் இல்லை. மதம் என்றால் அதற்கு ஒரு மூலநூல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பட்டது, வாய்மொழியாகவே வழிபாட்டைக் காத்து வந்தவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள்.

வடகரை:
இதோடு மானுடவியலாளர் தலால் அசத்தையும் படியுங்கள், அறிவும் அதிகாரமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்கிற ஃபூக்கோவின் முறையை அவர் அளவுக்கு இந்தத் துறையில் உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. மதம் என்பது குறியீடுகளின் அமைப்பு, அது மனிதர்களிடம் ஆழமான மனநிலைகளை உண்டாக்குகிறது என்று இன்னொரு மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1966-இல் வரையறுத்தார். குறியீடு மட்டும் எப்படி அதைச் செய்யும் என்று மடக்குகிறார் அசத். அவர் கையில் எடுப்பது மத்தியகால ஐரோப்பிய மடங்களை. புனித பெனடிக்ட் மடங்களுக்கு வகுத்த விதிப்படி வாழும் துறவி தினமும் குறித்த வேளைகளில் எழுந்து பாடி, பைபிளின் 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் முடித்தாக வேண்டும், மடத்தலைவருக்குக் கீழ்ப்படிய வேண்டும், தவறினால் தண்டனை. அந்த ஒழுங்கு உடம்பில் ஊறி ஊறித்தான் பணிவு வருகிறது. நம்பிக்கை முதலில் மனசுக்குள் இருக்கும், சடங்கு அதன் வெளித்தோற்றம் என்பது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய கிறிஸ்தவப் பார்வை, அதை எல்லார்மேலும் போர்த்தக்கூடாது என்கிறார்.

தென்றல்:
எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. எல்லாமே சொல்லாடல் (ஒன்றைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று வகுக்கிற பேச்சுமுறை), அதிகாரம் என்று முடித்துவிட்டால் தொழுகிறவரின் குரல் மறுபடியும் காணாமல் போகிறது, முன்பு இறையியல் செய்ததை இப்போது கோட்பாடு செய்கிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, இப்போது கொஞ்சம் தெளிகிறது. ஆனால் தென்றல் சொல்வதற்கு அசத்திடம் பதில் இருக்கிறதா?

வடகரை:
இருக்கிறது. 1986-இல் இஸ்லாத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், அதை ஒரு சொல்லாடல் மரபாகப் பார்க்கச் சொல்கிறார். எது சரியான தொழுகை, ஏன் சரி என்று அந்த மரபுக்குள் இருப்பவர்களே தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள் இல்லையா, அந்த வாதத்தில் இருந்து தொடங்கு என்கிறார். தொழுகிறவர் அங்கே வாதம் செய்கிற ஆள். முதலில் அந்தக் கட்டுரையைப் படியுங்கள், சின்னதுதான், அப்புறம் ஸ்மித்துக்குத் திரும்புங்கள்.