'ஹார்மோன் நீக்கம்' வேண்டாம், 'ஒளிமுறிப்பு' சரியா?

வணக்கம் அக்கா,

> கழிவுநீரில் இருக்கும் ஹார்மோனைப் புறஊதா ஒளியால் போக்குவதற்கு 'ஹார்மோன் நீக்கம்' என்றாலே போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். முதலில், அது உடம்புக்குச் செய்யும் சிகிச்சை போலக் கேட்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் 'நீக்கம்'. வடிகட்டினால் நீக்கம், கரித்தூளில் ஒட்டவைத்து எடுத்தாலும் நீக்கம். ஒளியோ எதையும் வெளியே எடுப்பதில்லை. மூலக்கூற்றின் பிணைப்பை உடைக்கிறது. துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கின்றன. அவற்றையும் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல் மறைத்துவிடக் கூடாது.

'ஒளிமுறிப்பு' என்று வைக்கலாமா? விஷத்தை முறிப்பது என்று நம் பாட்டிமார் சொன்னதுதானே. முறிவு தானாக நடப்பது, முறிப்பு நாம் செய்வது. ஆற்றில் வெயில் பட்டு ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோன் சிதைந்தால் ஒளிமுறிவு. கழிவுநீர் நிலையத்தில் விளக்கு வைத்துச் சிதைத்தால் ஒளிமுறிப்பு. 'ஒளிப்பகுப்பு' எனக்கும் பிடித்ததுதான், ஆனால் பகுப்பு என்றதும் ஆய்வகப் பகுப்பாய்வு நினைவுக்கு வருகிறது.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் பழுதானதிலிருந்து தண்ணீரைப் பற்றிய கவலை வீட்டுக்கு வீடு இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் ஒரு அம்மா, "குழாயில் யூவி விளக்கு மாட்டினால் மாத்திரை ஹார்மோனும் போய்விடுமா?" என்று கேட்டார். போகாது. சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் அளவில் 254 நானோமீட்டர் ஒளி பட்டாலே பெரும்பாலான கிருமிகளின் டி.என்.ஏ. சேதமாகி அவை பெருக முடியாமல் போகும். கருத்தடை மாத்திரையிலிருந்து வரும் எத்தினைல் எஸ்ட்ரடயோலை அந்த அளவு அசைப்பதே இல்லை எனலாம். அதற்குப் பல மடங்கு ஒளி வேண்டும். அதனால்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு கலக்கிறார்கள். ஒளி அதை இரண்டாகப் பிளக்க, பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (எதனோடும் சட்டென வினைபுரியும் துணுக்குகள்) ஹார்மோனைத் தாக்குகின்றன. இதைப் 'பெராக்சைடு ஒளிமுறிப்பு' எனலாம். கிருமிக்குச் செய்வது 'புறஊதாக் கிருமிநீக்கம்' என்றே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் வீட்டு விளக்கை நம்பி ஏமாறுவார்கள்.

அப்புறம், ஹார்மோனுக்குத் தமிழில் சொல்லும் 'இயக்குநீர்' பற்றி. நல்ல சொல்தான், ஆனால் 'நீரில் இயக்குநீர்' என்று எழுதும்போது வாசிப்பவர் தடுமாறுவார். இந்த இடத்தில் ஹார்மோனே இருக்கட்டும்.

'ஒளிமுறிப்பு' பிள்ளைகள் வாயில் எளிதாக நுழைகிறதா என்று இந்தச் சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன், அக்கா.