பிரைம் லென்ஸ், ஜூம் லென்ஸ்: என் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பிரைம் லென்ஸ் ஒரே அளவுக் காட்சியையே காட்டும்; ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பிக் காட்சியை அகலமாக்கலாம், குறுக்கலாம். இவற்றின் தமிழ்ப் பெயர் பற்றி வந்த கேள்வி இது:

> பிரைம் லென்ஸுக்கு முதன்மை வில்லை, ஜூம் லென்ஸுக்கு உருப்பெருக்கு வில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. உருவப்படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்குவது என்று தமிழில் படித்து முடிவெடுக்க நினைப்பவருக்குப் பெயரே பாதி விளக்கத்தைத் தந்துவிட வேண்டும். "முதன்மை" என்றதும் இதுதான் உயர்ந்தது, மற்றது இரண்டாம் தரம் என்று தோன்றிவிடும்.

"உருப்பெருக்கு" இன்னும் சிக்கல். ஜூம் வளையத்தை 200 மிமீ-யிலிருந்து 70-க்குத் திருப்பினால் (இந்த எண் லென்ஸின் குவியத்தூரம்; அது கூடக் கூடக் காட்சி குறுகும்) உருவம் சிறுக்கிறது, அதுவும் ஜூம்தான். அப்புறம், பூச்சியின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ லென்ஸுக்கு என்ன பெயர் மிச்சமிருக்கும்?

நானே வெகுநாள் "நிலைக்குவிய வில்லை", "மாறுகுவிய வில்லை" என்றுதான் எழுதிவந்தேன். குவியத்தூரத்தில் தூரத்தை விட்டுவிட்டதால் வந்தது வினை. படிப்பவர்கள் குவியம் என்றால் ஃபோகஸ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். என் குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியென்றால் இந்த லென்ஸில் கண்ணுக்கு ஃபோகஸ் வைக்க முடியாதா?" என்று கேட்டார். ஃபோகஸையே மாற்ற முடியாத லென்ஸ் எளிய பிலிம் கேமராக்களில் உண்டு, அது வேறு. அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: நிலைக்கோண வில்லை, மாறுகோண வில்லை. கோணம் என்பது லென்ஸ் பார்க்கும் காட்சிக்கோணம். முழுச்சட்ட கேமராவில் (ஒளியைப் பதிவுசெய்யும் உணரி 36×24 மிமீ உள்ளது) 85 மிமீ லென்ஸுக்கு அது மூலைவிட்டவாக்கில் சுமார் 29 பாகை, என்றும் அவ்வளவுதான். 24-70 ஜூமில் வளையத்தைத் திருப்பத் திருப்ப 84-இலிருந்து 34 பாகை வரை குறுகும். அகல்கோண வில்லை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும்.

சரி, உருவப்படத்தில் வைத்துப் பார்ப்போம். 85 மிமீ நிலைக்கோண வில்லையில் தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதே ஆளை முழு உருவமாக எடுக்க ஏறக்குறைய 5 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போக வேண்டும். சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டிவிடும். கோணம் மாறாது, ஆகவே நாம்தான் நகர வேண்டும். பெயரிலேயே அது இருக்கிறது. மாறுகோண வில்லையில் நின்ற இடத்திலிருந்தே சட்டத்தை மாற்றலாம். ஓடியாடும் குழந்தையைப் படமெடுக்க எனக்கு அதுதான் கைகொடுக்கிறது. அமைதியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரை எடுக்க நான் 85-ஐத்தான் மாட்டுவேன். அதன் துளையை எஃப் 1.8 வரை திறக்கலாம் (எண் சிறுத்தால் துளை பெரிது), பல 24-70 ஜூம்களின் எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஒளி வரும். கண் துல்லியமாக இருக்க, காதருகே முடி மெல்லக் கரையும்.

சிறிய உணரி உள்ள கேமராவில் அதே 85-இன் கோணம் இன்னும் குறுகுமே, பிறகு எப்படி "நிலை" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எந்தக் கேமராவில் மாட்டினாலும், அந்தக் கேமராவில் இருக்கும்வரை அதன் கோணம் மாறுவதில்லை. கிட்டே ஃபோகஸ் வைக்கும்போது கோணம் இம்மியளவு அசையும் என்பதற்காகப் பெயரை நீட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாறுகோணம் வினைத்தொகை, அங்கே க் மிகாது; நிலைக்கோணத்தில் மிகும். பேச்சில் பிரைம், ஜூம் என்று சொல்வது அப்படியே இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டு சொல்லையும் வைத்து ஆளுக்கொரு பத்தி எழுதிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.