புறப்படும் விமான நிலையத்தை வரி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கடலோடி:
பன்னாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவோர், எந்த நாட்டிலிருந்து புறப்பட்டால் எவ்வளவு வரி என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டன் 1994 முதல் வசூலிக்கும் விமானப் பயணி வரி புறப்படுவோருக்கு மட்டுமே உரியது, வந்திறங்குவோருக்கு இல்லை. தொலைவு கூடினால் அதுவும் கூடும். எகானமிக்கு மேற்பட்ட வகுப்புகளில் இரு மடங்கையும் தாண்டும். அயர்லாந்தோ தன் பயண வரியை 2014இலேயே நீக்கிவிட்டது. லண்டனிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குத் தனிப் பயணச்சீட்டில் சென்று அங்கிருந்து நெடுந்தொலைவு விமானம் ஏறினால், குறுந்தொலைவுக்கான சிறு வரியோடு போய்விடும்.

தராசு:
வரி பற்றிய தங்கள் தகவல்கள் சரி. முடிவுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனித்தனிச் சீட்டுகளில் பயணம் செய்பவரின் முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். மேலும், பயணியின் பணத்தை உண்மையில் கரைப்பது பல நேரங்களில் அரசு வரி அன்று. சீட்டில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீடுகளோடு வரிகளுக்கிடையே அமர்ந்திருக்கும் கூடுதல் கட்டணம்தான். எரிபொருளின் பெயரால் வாங்கப்பட்டாலும் அது விமான நிறுவனத்துக்கே போகிறது. விமானப் பயணங்களில் சேர்த்த மைல் புள்ளிகளைக் கொடுத்து ‘இலவச’ச் சீட்டு எடுப்பவரும் இதைப் பணமாகக் கட்ட வேண்டியிருப்பதுதான் பெரிய அநீதி. அரசின் தடையை நம்பியும் இருக்க முடியாது: ஹாங்காங் 2016இல் எரிபொருள் கட்டணத்தைத் தடைசெய்தது; 2018இல் மீண்டும் அனுமதித்தது. எனவே புள்ளிகளைச் செலவிடுவோர் விமான நிலையத்தைக் காட்டிலும் நிறுவனத்தைத்தான் ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலாமதி:
பணம் கொடுத்துச் சீட்டு எடுப்பவருக்கு எது வரி, எது கட்டணம் என்ற பிரிவினை வேண்டியதில்லை. மொத்தத் தொகையே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதியும் இறுதி விலையைக் காட்டும்படி கட்டாயப்படுத்துகிறது. ஆனால் பயணத்தை ரத்துசெய்ய நேர்ந்தால் பிரிவினைக்கு மதிப்பு வந்துவிடும். திருப்பித் தராத சீட்டிலும், பயன்படுத்தப்படாத வரிகளைப் பல நிறுவனங்கள் கேட்டால் திருப்பித் தருகின்றன. தாமே விதித்த கூடுதல் கட்டணத்தைப் பெரும்பாலும் தருவதில்லை.

கடலோடி:
தராசு அவர்களே, புள்ளிச் சீட்டு குறித்துத் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் வரியைச் சிறு விஷயமாக ஒதுக்க முடியாது. நெதர்லாந்து 2008இல் பயண வரி விதித்தபோது, பயணிகள் எல்லை தாண்டி ஜெர்மனியின் விமான நிலையங்களுக்குச் சென்றார்கள். மறு ஆண்டே அந்த வரி கைவிடப்பட்டது. 2021இல் அது திரும்பி வந்தது வேறு கதை. தனிச் சீட்டின் ஆபத்தை விரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது: வெளிநாட்டிலிருந்து ஒரே பயணச்சீட்டில் லண்டன் வழியாக மூன்றாம் நாட்டுக்குச் செல்பவர் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் பிரிட்டனின் வரி இல்லை. அதற்கு மேல் தங்கினால் அங்கிருந்து செல்லும் தொலைவுக்கான வரி முழுவதும் சேரும். ஆகவே லண்டனைச் சுற்றிப் பார்க்க எண்ணுவோர், சீட்டைப் பதிவுசெய்வதற்கு முன்பே அந்த நேரத்தைக் கணக்கிட்டுவிட வேண்டும். பதிவு முடிந்தபின் மாற்றினால், மாற்றுக் கட்டணமும் வரியோடு சேர்ந்துகொள்ளக்கூடும்.