உதவி தேவை: 1800 சொல் பாடமாக்கியும் இங்கிலிஷ் பந்தி விளங்கேல்ல

சல்லி_பொடியன் (இழையைத் தொடங்கியவர்)
எல்லாருக்கும் வணக்கம். அவசரம். மூண்டு மாசமா ஒரு நாளைக்கு 20 சொல் எண்டு கொப்பியில எழுதி, தமிழ்க் கருத்தோட பாடமாக்கினன். 1800 சொல் ஆச்சு. நேற்று வகுப்பில ஒரு பந்தி தந்தவை, தலையும் விளங்கேல்ல வாலும் விளங்கேல்ல. வெள்ளிக்கிழமை சோதனை எழுத வேணும். என்ன செய்யலாம்? கெதியா சொல்லுங்கோ.

உப்புவெளி_காத்து
எந்தப் பரீட்சை தம்பி? ஓ லெவலா, ஏ லெவல் பொது ஆங்கிலமா, வேலைக்கு வைக்கிற சோதனையா? ஒண்டும் சொல்லாமக் கேட்டா என்னெண்டு சொல்லுறது?

மூதூர்_படகு
பந்தியைப் போடுங்க. எந்தச் சொல்லில மாட்டுப்பட்டனீங்க எண்டும் சொல்லுங்க.

பழைய_வாத்தியார்
இந்தக் கேள்வி இஞ்ச முந்தியும் வந்து பதிலும் சொல்லியாச்சு. தேடிப் பார்த்திட்டுக் கேட்டிருக்கலாம். இப்பத்தப் பிள்ளையளுக்குப் பொறுமை இல்லை.
சொல்லைப் பாடமாக்கக் கூடாது, வேரைப் படிக்க வேணும். 'போர்ட்' எண்டா லத்தீனில சுமக்கிறது. இம்போர்ட் எண்டா உள்ளுக்குச் சுமந்து வாறது, எக்ஸ்போர்ட் வெளியில சுமந்து போறது, போர்டபிள் எண்டா கையில சுமக்கக்கூடியது. ஒரு வேருக்குப் பத்துச் சொல் கிடைக்கும். 1800 சொல் எழுதின நேரத்துக்கு 100 வேர் படிச்சிருந்தா இந்த அழுகை வந்திருக்காது.

சல்லி_பொடியன்
சொறி, அவசரத்தில விட்டுட்டன். வேலைக்கான சோதனை. பந்தி முழுக்கப் போட ஏலாது, ரெண்டு வரி மட்டும்:
"த ஃபிஷர்மென் வேர் ரிலக்டன்ட் டு கோ அவுட் இன் த ஸ்டோம், பட் தெயர் டெட்ஸ் லெஃப்ட் தெம் நோ சொய்ஸ்."
"த ஓல்ட் மேன்ஸ் அட்வைஸ் வாஸ் இன்வேலுவபிள், அண்ட் எவ்ரி போட் கேம் ஹோம்."
முதலாவதில 'ரிலக்டன்ட்' தெரியாது. ரெண்டாவதில 'இன்' எண்டா இல்லை, 'வேலுவபிள்' எண்டா பெறுமதியான. அப்ப கிழவன்ட அட்வைஸ் பெறுமதி இல்லாதது எண்டு எழுதினன். பிழை எண்டு வெட்டிட்டினம்.

கிண்ணியா_டீச்சர்
தம்பி, முதல் வரியைத் திரும்ப மெதுவா வாசிங்க. புயல் அடிக்குது. நடுவில 'பட்' நிக்குது, ஆனா எண்டு திரும்புது. அதுக்குப் பிறகு கடன், வேற வழி இல்லை. புயலுக்குள்ள கடலுக்குப் போறதுக்கு வேற வழி இல்லாமப் போனவங்க, மனசுக்குள்ள எப்படி இருந்திருப்பாங்க? விருப்பமில்லாம. அவ்வளவுதான் 'ரிலக்டன்ட்'. நீங்க சல்லியில, மீன்பிடிக்கிற ஊரில இருக்கிறீங்க, வாடைக் காத்துக்கு முன்னால கரையில நிக்கிற ஆக்கள்ட முகத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த முகம்தான் அந்தச் சொல்.
'பட்', 'ஓல்தோ', 'அன்லைக்' வந்தா கருத்து எதிர்ப்பக்கம் திரும்பும். கமாவுக்குப் பிறகு அல்லது எண்ட 'ஓர்' வந்தா பல நேரம் அதே கருத்தை இன்னொரு சொல்லில சொல்லும். 'சச் அஸ்' வந்தா பின்னால உதாரணம் வரும். இந்தச் சின்னச் சொல்லுகளைத்தான் பிள்ளைகள் பார்க்காமப் பாய்ஞ்சு போகுதுகள்.
ரெண்டாவது வரியிலயும் அப்படித்தான். எல்லாப் படகும் வீடு வந்து சேர்ந்துது எண்டு சொல்லுது. உதவாத அட்வைஸைக் கேட்டா படகு வந்து சேருமா?

சீனக்குடா_டாங்கி
டீச்சர் சொன்னது சரி. அதோட இன்னொண்டு. திருகோணமலையில எங்கட சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் 99 நிக்குது, வீதியில எண்ணெய் ஏத்திற பவுசர் லொறி ஓடாத நாள் இல்லை. பழைய பவுசர் ஒண்டில 'இன்ஃப்ளேமபிள்' எண்டு எழுதியிருந்ததை நான் சின்னனில எரியாதது எண்டுதான் வாசிச்சனான். கருத்து நேர்மாறு, சட்டெண்டு தீப்பிடிக்கும் எண்டது. அந்த 'இன்' இல்லை எண்ட 'இன்' இல்லை, உள்ளுக்கு எண்ட 'இன்'. இப்படி விளங்கி ஆக்கள் செத்துப் போகக் கூடாது எண்டுதான் இப்ப 'ஃப்ளேமபிள்' எண்டு எழுதுறாங்கள். வேரை மட்டும் நம்பினா இதுதான் நடக்கும்.

பழைய_வாத்தியார்
விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க ஏலாது. 'இன்வேலுவபிள்' வேரின்படி சரியாத்தான் நிக்குது. மதிப்பிட ஏலாத அளவுக்குப் பெறுமதி. தமிழில 'விலைமதிப்பற்ற' எண்டு சொல்லுறம், அதில 'அற்ற' இருக்கிறதால பெறுமதி இல்லை எண்டா வாசிக்கிறம்? தமிழ் ஒழுங்காத் தெரிஞ்சிருந்தா இந்தப் பிழை வந்திராது.
'இன்' எழுத்தைப் பார்த்து மாறுறதும் எங்கட தமிழ் இலக்கணத்தில வாற புணர்ச்சி விதி மாதிரித்தான். மரம், கள் சேர்ந்தா மரங்கள். அங்க 'இன்' 'பொசிபிள்' சேர்ந்தா இம்பொசிபிள், 'லீகல்' சேர்ந்தா இல்லீகல், 'ரெகுலர்' சேர்ந்தா இர்ரெகுலர். வாய் தேடுற சுகம் எல்லா மொழிக்கும் ஒண்டு.
'கட்டா' எண்டதையும் படியுங்கோ. கிரேக்கத்தில கீழ. கட்டஸ்ட்ரஃபி, கட்டமரான் எல்லாம் அதில இருந்து வந்தது. கட்டமரான் தண்ணியோட கீழ படுத்துக் கிடக்கிற வள்ளம்.

மூதூர்_படகு
வாத்தியார், கோவிக்காதீங்க. கட்டமரான் எங்கட கட்டுமரம். மரத்தைக் கட்டினா கட்டுமரம். கிரேக்கத்துக்கு ஏன் போறீங்க? கொட்டியாரக் குடாவில பிறந்தவனுக்கு இதை விட ஏலாது.

பழைய_வாத்தியார்
கட்டுமரம் எண்டது உண்மை. அதில நான் பிழை. மற்றது மாறாது.

உப்புவெளி_காத்து
'கேஷ்' கூட எங்கட காசுதானே. 'செரூட்' சுருட்டு, 'மலிகட்டோனி' மிளகுதண்ணி. பாதி இங்கிலிஷ் தமிழ்தான்.

துறைமுக_வீதி
பாதி எண்டெல்லாம் சொல்லாதீங்க. சுருட்டும் மிளகுதண்ணியும் சரி. 'கேஷ்' ரெண்டு இருக்கு. கையில எண்ணுற பணம் எண்ட 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலிய மொழியளில பெட்டி எண்ட சொல்லில இருந்து வந்தது. இந்தியாவிலயும் சீனாவிலயும் ஓடின சின்னச் செப்புக் காசைச் சொன்ன 'கேஷ்' தான் போர்த்துக்கீசர் வழியா எங்கட காசில இருந்து போனது.

உப்புவெளி_காத்து
காசும் கேஷும் ஒரே ஓசை, ஒரே கருத்து. பெட்டி எங்கயிருந்து வந்தது? வெள்ளைக்காரன் எழுதின அகராதியை வைச்சுக்கொண்டு எங்கட சொல்லை எங்களிட்டயே பறிக்கிறீங்க.

துறைமுக_வீதி
ஒருத்தரும் பறிக்கேல்ல. ஓசை ஒத்துப்போனா உறவு எண்டு முடிவு கட்ட ஏலாது. வாத்தியார் 'கட்டா'வில விழுந்ததும் அப்படித்தானே.

கிண்ணியா_டீச்சர்
பொடியன்ட சோதனை வெள்ளிக்கிழமை. காசைப் பிறகு எண்ணலாம்.
தம்பி, ஒண்டு கேக்கணும். அந்த 1800 சொல்லையும் எங்கயிருந்து எடுத்தீங்க?

சல்லி_பொடியன்
அப்பாட பழைய அகராதி. முதல் பக்கத்தில இருந்து. இப்ப 'பி' எழுத்தில நிக்கிறன்.

கிண்ணியா_டீச்சர்
இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி! 'அப்டிகேட்' தெரிஞ்சிருக்கும், முடி துறக்கிறது. 'ரிலக்டன்ட்' தெரியாது, அது 'ஆர்' எழுத்து. 'பி' முடிய 'சி' எண்டு போனா 'ஆர்' வர எத்தனை மாசம்? நீங்க கஷ்டப்பட்டதைக் குறை சொல்லேல்ல. மூண்டு மாசம் நாள் தவறாம எழுதின கை இது. எழுதின இடம்தான் பிழைச்சுப் போச்சு.
பந்தியில உள்ள சொல்லில 100க்கு 98 அளவு தெரிஞ்சாத்தான் ஒருத்தர் துணையில்லாம வடிவா விளங்க ஏலும் எண்டு ஹூ, நேஷன் எண்ட ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டு எழுதினாங்க. அதாவது 50 சொல்லுக்கு ஒண்டுதான் தெரியாததா இருக்கலாம். அப்பதான் பக்கத்துச் சொல்லு கைகொடுக்கும். ஒரு வரியில நாலு தெரியாட்டி எதை வைச்சு எதை ஊகிக்கிறது? அதனால அடிக்கடி வாற சொல்லை முதல் பிடிக்கணும். மைக்கேல் வெஸ்ட் எண்ட இங்கிலிஷ் ஆசிரியர் 1953 இல ஏறக்குறைய 2000 சொல்லைப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டார். அந்த மாதிரிப் பட்டியல் இன்டர்நெட்டில கிடைக்கும். எழுதேக்க சொல்லை மட்டும் எழுதாதீங்க, அது வந்த வரியையும் எழுதுங்க. 'பாங்க்' எண்டா வங்கி எண்டு எழுதி வைச்சவருக்கு 'பாங்க் ஒஃப் த ரிவர்' வந்தா ஆத்தங்கரையில காசு தேட வேண்டி வரும்.

சீனக்குடா_டாங்கி
மூண்டு நாளைக்குள்ள 2000 சொல் ஏலாது டீச்சர். இப்போதைக்கு இதைச் செய்யட்டும்: தெரியாத சொல் வந்தா முதல் பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஒரு கருத்தை நினை. பிறகு சொல்லை உடைச்சுப் பார், பொருந்துதா எண்டு. பொருந்தினா அந்தக் கருத்தைச் சொல்லுக்குப் பதிலாப் போட்டு வரியை வாசி. உடைக்கிறதை முதல் வைச்சதாலதான் 'இன்வேலுவபிள்' கவிழ்த்தது.

பழைய_வாத்தியார்
உடைக்கிறது இரண்டாவது எண்டதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா விடக் கூடாது. 'அநீதி'யில 'அ' இல்லை எண்டுது, 'அரசன்'ல அது சும்மா முதலெழுத்து. எதில முன்னொட்டு, எதில இல்லை எண்டு தமிழ்ப் பிள்ளைக்குக் காது சொல்லும். இங்கிலிஷிலயும் அந்தக் காது வரும், வாசிச்சா. தம்பி, கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனா ஏழு கிணத்திலயும் கைவைச்சுப் பார்த்திட்டு 'தெர்ம்' எண்டா சூடு எண்டு மனசில சொல்லுங்கோ. தெர்மோமீட்டர், தெர்மல், தெர்மஸ். சாகும் வரைக்கும் மறக்காது.

உப்புவெளி_காத்து
துறைமுக வீதிக்கு: காசு விசயம் முடியேல்ல. வேற இழை தொடங்குறன், அங்க வாங்க.

சல்லி_பொடியன்
எழுதிட்டு இப்பதான் வந்தனான். "ட்ரிங்கிங் வோட்டர் வாஸ் ஸ்கெயர்ஸ், ஸோ த வில்லேஜர்ஸ் வோக்ட் த்ரீ மைல்ஸ் டு அ வெல்" எண்டு ஒரு வரி. 'ஸ்கெயர்ஸ்' தெரியாது. மூண்டு மைல் நடந்து கிணத்துக்குப் போறாங்கள் எண்டதால தட்டுப்பாடு எண்டு எழுதினன். சரியா?

கிண்ணியா_டீச்சர்
சரி தம்பி! மற்றக் கேள்விகள் எப்படி?

மூதூர்_படகு
தம்பி, ரிசல்ட் வந்தா இஞ்ச போடுங்க.