எபிரேய அறிஞர் லக்ராஞ்ச் அடிகளார் நற்செய்திகளின் பக்கம் திரும்பியது ஏன்?

உவர்மலை ஆசிரியை:

வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குக் கிறிஸ்தவ நாகரிகம் கற்பித்து வருகிறேன். எருசலேமில் விவிலியப் பள்ளியை நிறுவிய தொமினிக்கன் சபைக் குரு மரி ஜோசப் லக்ராஞ்ச் (1855–1938) அவர்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு பாடவேளை சொல்ல எண்ணியுள்ளேன். அவருடைய நூல்களை ஆண்டு வரிசையில் பார்த்தபோது ஓர் ஐயம் எழுந்தது. 1903இல் நீதித்தலைவர்கள் நூலுக்கு விளக்கவுரையும், எபிரேயர் உள்ளிட்ட செமித்திய இனங்களின் சமயங்கள் குறித்துப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டவர், 1911இல் மாற்கு நற்செய்திக்கு உரை எழுதுகிறார். பின்னர் லூக்கா, மத்தேயு, யோவான் என்று தொடர்கிறார். எபிரேயத்தில் ஊறிய ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தபின் கிரேக்க நூல்களுக்கு மாறியது விருப்பத்தாலா, கட்டாயத்தாலா?

நிலாவெளி வாசகன்:

ஆசிரியை அவர்களுக்கு, கட்டாயத்தால் என்றே நான் சொல்வேன். சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றபின் 1879இல் துறவு பூண்டவர் அவர். வியன்னாவில் கீழைத்தேய மொழிகளைக் கற்றுக்கொண்டிருந்தவரைச் சபை எருசலேமுக்கு அனுப்பியது. 1890 நவம்பர் 15ஆம் திகதி, முன்னர் ஆடு மாடு அறுக்கும் தொட்டியாக இருந்த கட்டடத்தில், ஒரு மேசை, ஒரு கரும்பலகை, ஒரு வரைபடம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பள்ளியைத் தொடங்கினார். நூலை அது பிறந்த மண்ணிலேயே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1893இல் சீனாய்ப் பாலைநிலத்தினூடே பயணமும் செய்தார். எகிப்திலிருந்து ஆறு இலட்சம் ஆடவர் புறப்பட்டார்கள் என்ற விடுதலைப் பயண நூலின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வறண்ட நிலத்தைக் கடக்கும் எவருக்கும் கேள்வி எழாமல் இருக்காது.

1897இல் பிரைபூர்க் நகரில் கூடிய கத்தோலிக்க அறிஞர் மாநாட்டில், பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களான ஐந்நூல் பல மூலங்களிலிருந்து உருவானது என்பதைக் கத்தோலிக்கர் அஞ்சாமல் ஆராயலாம் என்று அவர் வாதிட்டார். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இருந்தவரை அவருக்கு ஆதரவு இருந்தது. பத்தாம் பத்திநாதர் காலத்தில் காற்றுத் திசைமாறியது. ஐந்நூலின் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு, மோசேயே என்னும் மரபைத் தாங்கிப் பிடித்து உரோமையின் விவிலிய ஆணைக்குழு 1906 ஜூன் மாதம் விடையளித்தது. தொடக்க நூலுக்கு அவர் ஆயத்தம் செய்திருந்த உரையை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் அவர் எந்தப் பக்கம் கைவைத்தாலும் சர்ச்சையாகும் என்ற நிலையில், மாற்கு நற்செய்தி அவருக்குத் திறந்திருந்த வாசலாயிற்று.

அதோடும் முடியவில்லை. 1912இல் திருச்சபையின் நிர்வாகத் துறைகளில் ஒன்றான உரோமையின் ஒரு பேராயம், அவருடைய பல எழுத்துகளைக் குருமடங்களில் பாடநூலாக வைக்கலாகாது என்று ஆணையிட்டது. அவர் பணிந்து கடிதம் எழுதிவிட்டு எருசலேமை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு திரும்பிவர அனுமதிக்கப்பட்டார்.

மூதூர்க்காரி:

நிலாவெளி அண்ணா சொன்ன வரலாறு சரிதான். ஆனால் "மாறினார்" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். மாற்கு உரையின் முன்னுரையில், அந்நூலின் கிரேக்கத்துக்குள் படிந்து கிடக்கும் செமித்திய நடையை அவர் தனியே எடுத்து ஆராய்கிறார். எபிரேயமும் அரமேயமும் கைவசம் இல்லாத ஒருவரால் அந்தப் பகுதியை எழுதியிருக்க முடியாது. கதவை அடைத்தவர்கள், அவர் எதைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்த அறைக்குப் போகிறார் என்பதைக் கவனிக்கவில்லை போலும்!

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1904இல் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதிய டெலாத்ர் ஒரு பெல்ஜிய யேசு சபைக் குரு. 1909இல் உரோமையில் தொடங்கிய விவிலிய நிறுவனமும் யேசு சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. அதன் முதல் அதிபர் பொங்க் அடிகளாரும் லக்ராஞ்சின் போக்கை எதிர்த்தவரே. 1895 முதல் பிரெஞ்சு யேசு சபையார் பொறுப்பேற்று வளர்த்த திருகோணமலை மறைமாவட்டத்தைச் சேர்ந்த நமக்கு இதைக் கேட்கச் சற்றுச் சங்கடமாக இருக்கலாம், மறைக்கத் தேவையில்லை.

உவர்மலை ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. பிற்காலத்தில் திருச்சபை அவருடைய வழியை ஏற்றுக்கொண்டதா? எம்மிடையேயிருந்து ஒரு குரு இத்துறைக்குப் போக வேண்டுமாயின் இன்று வழி என்ன? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

நிலாவெளி வாசகன்:

முதல் கேள்விக்கு: 1943 செப்டெம்பர் 30ஆம் திகதி பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், மூல மொழிகளையும் இலக்கிய வகைகளையும் ஆராய்ந்தே விவிலியத்தை விளக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அப்போது விவிலிய ஆணைக்குழுவின் செயலாளராக இருந்த வொஸ்தே, லக்ராஞ்சின் மாணவர். ஆசிரியரோ ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

இரண்டாவதற்கு: அம்பிட்டியிலோ யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலோ உள்ள குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் முடித்து, ஆயர் அனுப்பினால், உரோமை விவிலிய நிறுவனத்திலோ எருசலேம் பள்ளியிலோ மேற்படிப்பைத் தொடரலாம். எபிரேயமும் கிரேக்கமும் இரண்டும் கட்டாயம்; ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை ஒதுக்க முடியாது. ஆய்வு நூல்களைப் படிக்கப் பிரெஞ்சும் ஜேர்மனும் வேண்டியிருக்கும்.

பாடத்தைத் தொடங்கும்போது 1906ஆம் ஆண்டு விடையை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் இருபுறமும் அவருடைய நூல்களை ஆண்டுவாரியாக எழுதிக் காட்டுங்கள். காரணத்தை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.